பிதாவிடமிருந்து வந்தவர் பிதாவுக்குச் சமமா?

யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், தானும் பிதாவும் ஒன்று என்கிறார் இயேசு. கேட்டவர்கள் கல்லை எடுக்கிறார்கள். நான்கு அதிகாரம் தள்ளிப் போனால், பிதா தன்னைவிடப் பெரியவர் என்று அவரே சொல்கிறார். அங்கே யாரும் கல்லெடுக்கவில்லை. ஒரே நூல், ஒரே வாய். கிறிஸ்தவ வரலாற்றின் மிக நீண்ட வழக்கு இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவே நடந்தது.

ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் விடை சட்டென்று வரும்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் சமம். தவறில்லை, ஆனால் சபை வந்து சேர்ந்த விடையில் இது பாதிதான். குமாரன் தம்மிடம் உள்ள அனைத்தையும் பிதாவிடமிருந்தே பெற்றிருக்கிறார் என்பது மீதிப் பாதி. எல்லாவற்றையும் இன்னொருவரிடமிருந்து பெற்றவர், கொடுத்தவருக்கு இம்மியும் குறையாதவராக இருக்க முடியுமா? நான்காம் நூற்றாண்டை அலைக்கழித்த கேள்வி இது. 'பெற்றவர்', 'குறையாதவர்' என்ற இரண்டையும் ஒருசேரப் பிடித்திருப்பதுதான் 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் வகுத்த விசுவாசம். அதிலிருந்து பிரிந்துபோன ஒவ்வொரு கட்சியும் இரண்டில் ஒன்றை நழுவவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

வேதாகமம் இதற்கு ஒருதலைத் தீர்ப்பு எழுதித் தரவில்லை. உயர்த்திச் சொல்லும் இடங்கள் ஏராளம். யோவானின் முதல் வசனமே வார்த்தையானவரைத் தேவன் என்கிறது. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட தோமா அவரை ஆண்டவர் என்றும் தேவன் என்றும் அழைக்கிறார். இயேசு அவரைத் திருத்தவில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் இன்னும் துணிச்சலானது. கர்த்தர் ஒருவரே என்று யூதர்கள் நாள்தோறும் ஓதும் உபாகம அறிக்கையை எடுத்து, அதற்குள்ளேயே பிதாவையும் இயேசுவையும் அருகருகே வைத்துவிடுகிறார். அது எழுதப்பட்டது கி.பி. 50களில், இயேசு இறந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. சுமார் 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கூட்டத்தார் விடியுமுன் கூடி, தெய்வத்துக்குப் பாடுவதுபோலக் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். வணக்கம் முந்திக்கொண்டது; விளக்கம் பின்னாலேயே ஓடிவந்தது.

எதிர்த் தரப்பின் கையிருப்பும் இளைத்ததல்ல. மாற்கு பத்தாம் அதிகாரத்தில், தன்னை நல்லவர் என்றழைத்தவனை இயேசு தடுத்து, அந்தப் பெயர் தேவன் ஒருவருக்கே உரியது என்கிறார். பதின்மூன்றாம் அதிகாரத்தில், கடைசி நாள் எப்போது என்று குமாரனுக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறார். யோவான் பதினேழில் ஜெபிக்கும்போது பிதாவையே ஒன்றான மெய்த்தேவன் என்று விளிக்கிறார். கொலோசெயர் நிருபம் அவரைப் படைப்புக்கெல்லாம் முதற்பேறு என்கிறது. முதலாம் கொரிந்தியர் பதினைந்தில், எல்லாம் முடிந்தபின் குமாரனும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார் என்கிறார் அதே பவுல். வேதத்தை மட்டும் பிரித்து வைத்தால் விஷயம் பளிச்சென்று விளங்கிவிடும் என்று இரு தரப்பிலும் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மற்றவர் காட்டும் பக்கத்தைப் புரட்டவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

புதிய ஏற்பாட்டு அறிஞர்களும் ஒருமித்தவர்கள் அல்லர். வானத்துக்கு முன்பே இருந்த குமாரன் என்ற எண்ணம் முழுமையாக வெளிப்படுவது யோவானில்தான் என்று 1980இல் ஜேம்ஸ் டன் வாதிட்டார். இயேசு வணக்கம் மிகத் தொடக்கத்திலேயே, யூத மண்ணிலேயே வெடித்துக் கிளம்பியது என்று 2003இல் வெளியான பெருநூலில் லாரி ஹுர்டாடோ நிறுவ முயன்றார். பார்ட் எர்மன் 2014இல் எழுதிய நூல், தேவனால் உயர்த்தப்பட்ட மனிதர் என்பதிலிருந்து படிப்படியாக நிகழ்ந்த ஏற்றமாக இதைக் காட்டுகிறது. இதில் ஹுர்டாடோவின் சான்றுகள் எனக்கு வலுவாகப் படுகின்றன. ஆனாலும் முதல் நூற்றாண்டில் வணங்கப்பட்டார் என்பதும், நான்காம் நூற்றாண்டுப் பொருளில் சமமாகக் கருதப்பட்டார் என்பதும் வேறு வேறு. இடையில் இருநூறு ஆண்டுக் குழப்பம் இருக்கிறது.

அந்தக் குழப்பத்தைப் பக்திமான்கள் மறந்துவிடுகிறார்கள். நிசேயாவுக்கு முந்தைய பெரிய ஆசிரியர்கள் பெரும்பாலோர் குமாரனை ஏதோ ஒரு வகையில் இரண்டாம் படியில்தான் வைத்தார்கள். ஜஸ்டின் அப்படிப் பேசினார். மூன்று ஆட்கள், ஒரே சாரம் என்ற சூத்திரத்தை லத்தீனுக்குத் தந்த தெர்த்துல்லியனே, பிதா முழுமை, குமாரன் அதிலிருந்து வந்த பங்கு என்ற பாங்கிலும் எழுதினார். அலெக்சாந்திரியாவின் ஓரிகன் குமாரனை இரண்டாம் தெய்வம் என்று சொல்லவும் தயங்கவில்லை. அதே ஓரிகன்தான் பிதா குமாரனைப் பெற்றது ஒரு நாளில் நடந்த சம்பவம் அல்ல, என்றென்றும் உள்ள உறவு என்ற எண்ணத்தையும் விதைத்தார். பிற்காலச் சமத்துவவாதிகளுக்கும் படிநிலைவாதிகளுக்கும் அவர் ஒருவரே பாட்டனாரானது இப்படித்தான். இன்னொரு பக்கம் சபேல்லியுஸ் பெயரால் அறியப்படும் கொள்கை: பிதாவும் குமாரனும் ஒரே ஆள் பூண்ட வெவ்வேறு வேடங்கள். இதற்குப் பயந்தே பலர் இருவருக்கும் இடையே இடைவெளியைக் கூட்டினார்கள்.

ஆரியுஸ் வந்தது இந்தச் சூழலுக்குள். (நம்மூர் ஆரிய, திராவிட வழக்குக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) அலெக்சாந்திரியாவின் பௌகாலிஸ் பகுதிக் கோயிலில் குருவாக இருந்தவர், துறவு வாழ்க்கை, தர்க்கத்தில் தேர்ச்சி, கொள்கையைச் செய்யுளாக்கிப் பரப்பும் திறமை எல்லாம் வாய்த்தவர். சுமார் 318இல் தம் ஆயர் அலெக்சாந்தரோடு மோதினார். அவர் வாதம் எளியது. யாராலும் பிறப்பிக்கப்படாதவர் என்பதே கடவுளுக்கு இலக்கணம். குமாரன் பிறப்பிக்கப்பட்டவர். ஆகவே அந்தப் பொருளில் அவர் கடவுள் அல்லர். காலங்களுக்கு முன்பே, ஆனால் இன்மையிலிருந்து, பிதாவின் சித்தத்தால் உண்டானவர். படைப்புகளிலேயே தலையாயவர், மற்றவற்றை உண்டாக்கக் கருவியானவர். நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில் ஞானம் தன்னைக் கர்த்தர் படைத்ததாகப் பேசும் கிரேக்க வாசகம் அவருக்குப் பெரும் பிடிமானம். அதைக் கிறிஸ்து பேசுவதாகத்தான் அவருடைய எதிரிகளும் படித்தார்கள். அதனால் அவர்களும் திணறினார்கள். பின்னால் வந்தவர்கள் ஆரியுஸை வஞ்சகனாகச் சித்திரித்தது அநியாயம். கடவுளின் ஒருமையைக் காக்க நினைத்தவர் அவர். காத்த விதத்தில்தான் கோளாறு.

324இல் கிழக்கையும் வென்று தனிப் பேரரசரான கான்ஸ்டன்டைன், இதைச் சில்லறைச் சண்டையாக நினைத்தார். கொர்தோபா ஆயர் ஓசியுஸிடம் கடிதம் கொடுத்தனுப்பினார், பலிக்கவில்லை. 325 கோடையில் நிசேயாவில் சங்கம் கூடியது. இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படும் ஏரிக்கரை ஊர் அது. வந்த ஆயர்கள் இருநூற்று ஐம்பதுக்கு மேல் என்கிறார் அங்கிருந்த செசரியா ஆயர் எவுசேபியுஸ். மரபில் நிலைத்த 318 என்ற எண் ஆதியாகமத்தில் ஆபிரகாம் திரட்டிய ஆட்களின் கணக்கை ஒத்திருப்பதால், சரித்திரக்காரர்கள் அதைக் கொஞ்சம் ஒதுக்கியே வைப்பார்கள்.

வேத வாசகங்களைக் கொண்டே ஆரியுஸ் தரப்பைக் கட்டிப்போட முதலில் முயன்றார்கள். எந்த வாசகத்தை நீட்டினாலும் அந்தத் தரப்பு தன் பொருளில் ஏற்றுக்கொண்டது. தேவனிடமிருந்து வந்தவரா? எல்லாமே தேவனிடமிருந்து வந்ததுதானே என்றார்கள். கடைசியில் வேதத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டியதாயிற்று: ஹோமோஊசியோஸ், பிதாவோடு ஒரே சாரமுடையவர். பலருக்கு இது கசந்தது. வேதத்தில் இல்லை என்பது ஒன்று. 268 வாக்கில் அந்தியோகியாவில் சமோசாத்தாவின் பவுலைக் கண்டித்தபோது இதே சொல்லை ஆயர்கள் தள்ளியிருந்தார்கள் என்ற பேச்சு இன்னொன்று. செசரியாவின் எவுசேபியுஸ் கையெழுத்திட்டுவிட்டுத் தம் ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தேவனை உடலைப்போலக் கூறுபோடுவதாக இந்தச் சொல்லுக்குப் பொருளில்லை, படைப்புகளைச் சேர்ந்தவர் அல்லர் குமாரன் என்பதுதான் பொருள் என்று பேரரசரே விளக்கினார் என்று நெளிந்து நெளிந்து எழுதுகிறார். சங்கடப்பட்டுக் கையெழுத்திட்ட மனிதரின் குரல் அதில் அப்படியே கேட்கிறது. லிபியப் பகுதியைச் சேர்ந்த செக்குந்துஸ், தெயோனாஸ் ஆகிய இருவர் மட்டும் இறுதிவரை மறுத்து, ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டார்கள்.

நிசேயாவோடு விஷயம் முடிந்தது என்பது பாடநூல் கதை. உண்மையில் அங்கேதான் தொடங்கியது. ஆரியுஸ் சில ஆண்டுகளில் அரசரின் தயவைத் திரும்பப் பெற்றார். 336இல் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். மறு ஆண்டு மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் நண்பரான நிக்கொமேதியா எவுசேபியுஸ். மகன் கான்ஸ்டான்ஷியுஸ் ஆட்சியில் சங்கத்துக்கு மேல் சங்கம், அறிக்கைக்கு மேல் அறிக்கை. 357இல் சிர்மியத்தில் வந்த ஒன்று, சாரம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது, பிதா பெரியவர் என்பதில் ஐயமில்லை என்றது. நிசேயாவின் தூணாக நின்ற அதே ஓசியுஸை, தள்ளாத முதுமையில் நெருக்கி, அதில் கையெழுத்து வாங்கினார்கள்.

இந்த அரை நூற்றாண்டை இருமுனைப் போராகச் சொல்வதும் பிசகு. சாரம் ஒன்றே என்றவர்கள், சாரத்தால் ஒத்தவர் என்றவர்கள், சும்மா ஒத்தவர் என்று சொன்னால் போதும் என்றவர்கள், ஒப்பே இல்லை என்று ஏத்தியுஸ், எவுனோமியுஸ் வழியில் கறாராகப் பேசியவர்கள் என்று நான்கு முகாம்களாவது உண்டு. நடுவிலிருந்த இரண்டு முகாம்களில் பெரும்பாலோர் ஆரியுஸின் சீடர்கள் அல்லர். சபேல்லியுஸ் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்தவர்கள்.

இந்தக் காலத்தில் நிசேயாவைத் தோளில் சுமந்தவர் அத்தனாசியுஸ். சங்கத்துக்கு உதவிக்குருவாக வந்தவர், 328 முதல் 373 வரை அலெக்சாந்திரியாவின் ஆயர். நான்கு பேரரசர்கள் காலத்தில் ஐந்து முறை துரத்தப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளை ஊருக்கு வெளியே கழித்தார். முரட்டு ஆசாமி, எதிரிகள் அடுக்கிய அடிதடிக் குற்றச்சாட்டுகள் அத்தனையும் பொய் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்வதில்லை. ஆனால் வாதத்தின் மையத்தைத் துல்லியமாகத் தொட்டவர் அவர்தான். செய்வது வேறு, பெறுவது வேறு. தச்சன் செய்த நாற்காலி தச்சனாகாது. தச்சனுக்குப் பிறந்தவன் அவனைப் போலவே மனிதன், அரை மனிதன் அல்ல. மகன் என்ற உறவு 'அவரிடமிருந்து' என்பதைச் சொல்கிறது. 'அவரைவிடக் குறைவு' என்பதைச் சொல்வதில்லை. மனித மகன் மட்டும் பின்னால் வருகிறான், காரணம் மனிதர் காலத்துக்கு உட்பட்டவர்கள். காலத்துக்கு அப்பாற்பட்ட பிதா ஒருநாள் பிதாவானார் என்றால், அதற்கு முன் அவர் யார்?

இதோடு இன்னொரு கத்தியையும் அவர் வைத்திருந்தார். கிறிஸ்துவைச் சபை வணங்குகிறது. அவர் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கிறது. அவர் படைப்பு என்றால் அது விக்கிரக ஆராதனை. படைக்கப்பட்ட ஒருவர் இன்னொரு படைப்பை இரட்சித்துத் தேவனோடு சேர்க்கவும் முடியாது. நிசேயா தரப்பை வெல்ல வைத்தது இந்த இரண்டாவது வாதம் என்பது என் கணிப்பு. தத்துவத்தில் ஆரியுஸ் தரப்பு தாக்குப்பிடித்திருக்கும். ஜெபத்தில் முடியவில்லை.

கடைசி நாள் குமாரனுக்குத் தெரியாது என்ற மாற்கு வசனத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆரியுஸ் தரப்புக்கு இது கையில் கிடைத்த பழம். அறியாதவர் எப்படிச் சர்வஞானிக்குச் சமம்? அத்தனாசியுஸ் சொன்ன பதில்: வார்த்தையானவராக அறிந்திருந்தார், மனிதனாக அறியாதிருந்தார், அறியாமை மனித இயல்பு. ஆகஸ்தீன் வேறு வழி போனார்: சீஷர்களுக்கு அறிவிக்கும்படியாக அவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே. இது வக்கீல் பதில் போலத்தான் இருக்கிறது. செசரியாவின் பசிலியுஸ் தம் நண்பர் அம்பிலோகியுஸுக்கு எழுதிய கடிதத்தில் இலக்கணத்தையே திருப்பிப் பார்த்தார்: பிதா இல்லாவிட்டால் குமாரனும் அறிந்திருக்க மாட்டார், அதாவது குமாரனின் அறிவு பிதாவிடமிருந்து வருவது. மத்தேயுவில் இதே வாக்கியம் வரும் இடத்தில் குமாரனைப் பற்றிய துண்டு சில கையெழுத்துப் பிரதிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. யாரோ ஒரு நகலாளருக்கும் இது உறுத்தியிருக்கிறது போலும். மூன்று பதில்களில் பசிலியுஸின் இலக்கணம்தான் மிகவும் வலிந்தது. ஆனாலும் இறையியல் என்ற அளவில் அவர் சொன்னது முக்கியம்: அறிவும் பெறப்பட்டதே, பெறப்பட்டதால் குறைந்ததல்ல.

பசிலியுஸும் அவர் தம்பி நிசாவின் கிரெகோரியும் நண்பர் நாசியான்சின் கிரெகோரியும் கப்பதோக்கியாவைச் சேர்ந்தவர்கள். சாரம் ஒன்று, ஆட்கள் மூன்று என்று சொற்களை அவர்கள் பிரித்து ஒழுங்குபடுத்தியபின், நடுமுகாமில் பயந்துகிடந்தவர்கள் பலர் நிசேயாவை ஏற்றார்கள். பெரியவர் என்ற யோவான் வசனத்துக்கு 380இல் நாசியான்சின் கிரெகோரி தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மனிதரான கிறிஸ்துவைவிடப் பிதா பெரியவர் என்று விளக்கலாம், உண்மைதான், ஆனால் கடவுள் மனிதனைவிடப் பெரியவர் என்பதில் என்ன அதிசயம் என்று கேட்கிறார் அவர். காரணமாக இருப்பதால் பெரியவர், இயல்பால் சமம் என்பது அவர் முடிவு. தலைநகரில் ரொட்டி விலை கேட்டாலும் பிதா பெரியவர் என்று பதில் வருகிறது என்று நிசாவின் கிரெகோரி அலுத்துக்கொண்ட நாட்கள் அவை. 381இல் பேரரசர் தெயோதோசியுஸ் கூட்டிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு பேரரசுக்குள் வழக்கு ஓய்ந்தது. அரசன் கை இல்லாமல் ஓய்ந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. எல்லைக்கு வெளியே கோத்தியர், உல்ஃபிலாஸ் கற்றுக்கொடுத்த ஆரியுஸ் சார்பு விசுவாசத்திலேயே இருந்தார்கள். ஸ்பெயினின் கோத்திய அரசு கத்தோலிக்கத்துக்கு வந்தது 589இல்தான்.

மேற்கில் ஆகஸ்தீன் வேத வாசிப்புக்கு ஒரு விதி வகுத்தார். சில வசனங்கள் சமத்துவத்தைச் சொல்லும். சில, பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் சொல்லும் அடிமை ரூபத்தைச் சொல்லும். இன்னும் சில, குறைவையும் சொல்லாமல் சமத்தையும் சொல்லாமல், குமாரன் பிதாவிடமிருந்து வந்தவர் என்பதை மட்டும் சொல்லும். இந்த மூன்றாவது வகையைப் பிரித்தெடுத்ததுதான் அவர் சாமர்த்தியம். பின்னால், அத்தனாசியுஸ் பெயரில் வழங்கினாலும் அவர் எழுதாத லத்தீன் விசுவாச அறிக்கை, தெய்வீகத்தில் சமம், மனிதத்தில் குறைவு என்று இரண்டாகச் சுருக்கியபோது அந்த மூன்றாவது வகை கண்ணில் படாமல் போயிற்று. கிழக்குச் சபை அதை விடவில்லை. பிதா ஒருவரே ஊற்று என்பதில் இன்றுவரை கண்டிப்பு. பரிசுத்த ஆவி குமாரனிடமிருந்தும் புறப்படுகிறார் என்று மேற்கு சேர்த்துக்கொண்டது, குமாரனின் சமத்துவத்தை வலியுறுத்தும் ஆர்வத்தோடும் தொடர்புடையதுதான். அதுவே இரு சபைகளும் பிரிய ஒரு காரணமாயிற்று.

சீர்திருத்தக் காலத்தில் கால்வின் மறுகோடிக்கு நெருங்கினார்: ஆள் என்ற முறையில் குமாரன் பிதாவிடமிருந்து, தெய்வீக சாரமோ யாரிடமிருந்தும் பெறப்படாதது. கத்தோலிக்கர் பலர் முகம் சுளித்தார்கள். அவருடைய ஜெனீவாவில்தான் 1553 அக்டோபர் 27 அன்று, திரித்துவத்தை மறுத்த மைக்கேல் செர்வேத்துஸ் எரிக்கப்பட்டார். தீயில் நின்றபோதும் இயேசுவை நித்திய தேவனின் குமாரன் என்றே அழைத்தார், தேவனின் நித்திய குமாரன் என்று மாற்றிச் சொல்ல மறுத்தார் என்று மரபு. இங்கிலாந்தில் ஐசக் நியூட்டன், திரித்துவத்தின் பெயர் தாங்கிய டிரினிட்டி கல்லூரியில் இருந்துகொண்டே, அதை மறுத்துப் பக்கம் பக்கமாக எழுதி வெளியிடாமல் வைத்திருந்தார். வெளியே பேசிய வில்லியம் விஸ்டனைக் கேம்பிரிட்ஜ் 1710இல் வெளியேற்றியது.

இந்தியாவிலும் இந்த வழக்கு நடந்தது. வீட்டுப் பணியாளராக இங்கிலாந்து போய்வந்த தமிழர் ஒருவர், வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரில், அங்கே படித்த யூனிடேரியன் நூல்களின் தாக்கத்தில் 1795இல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். பிதா ஒருவரே கடவுள், இயேசு அவரால் அனுப்பப்பட்டவர். கல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனரி மார்ஷ்மன் கொதித்தெழ, மூன்று மறுப்புரைகள் வரை போனது விவாதம். கடைசியை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்ததால் ராய் சொந்த அச்சகமே வைத்தார். அவரோடு சுவிசேஷங்களை வங்காள மொழிக்குப் பெயர்க்க உட்கார்ந்த மிஷனரி வில்லியம் ஆடம், உலகம் குமாரனால் படைக்கப்பட்டதா, குமாரன் மூலமாகப் படைக்கப்பட்டதா என்ற கேள்வியில் சிக்கி, 1821இல் திரித்துவத்தையே விட்டுவிட்டார். சகாக்கள் அவரை வீழ்ந்த இரண்டாம் ஆதாம் என்று கேலி செய்தார்கள்.

இன்று தமிழ்நாட்டில் வீட்டுக் கதவைத் தட்டும் யெகோவாவின் சாட்சிகள் ஆரியுஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே பிரிவினர் நேர் எதிரே. 1910களில் அமெரிக்காவில் கிளம்பிய அந்த இயக்கத்துக்கு இயேசுவே பிதா. இருவர் இல்லாத இடத்தில் சமமா என்ற கேள்விக்கே வேலையில்லை.

அண்மைச் சச்சரவு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. வேதாகமக் கல்லூரிகளில் பரவலாகப் படிக்கப்படும் வேய்ன் குரூடமின் இறையியல் பாடநூல் (1994), அடுத்து புரூஸ் வேர் 2005இல் எழுதிய நூல் ஆகியவை, குமாரன் சாரத்தில் சமம், ஆனால் அதிகாரத்தில் என்றென்றும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர் என்றன. பக்கத்திலேயே, மனைவி கணவனுக்குச் சமம் ஆனாலும் கீழ்ப்பட்டவள் என்ற போதனையும் இருந்தது. ஆஸ்திரேலிய ஆங்கிலிக்கன் குரு கெவின் ஜைல்ஸ் 2002லேயே இந்தப் போக்கை ஆரியுஸின் வாரிசு என்று தாக்கினார். 2016இல் ஆணின் தலைமையை ஏற்கும் கால்வினியர்களுக்குள்ளேயே சண்டை வெடித்தது. குடும்பத்தில் யார் தலைவர் என்பதற்குத் திரித்துவத்தில் ஆதாரம் தேடுவது கூரையை வைத்து அஸ்திவாரம் போடுவது. யூர்கன் மோல்ட்மன் போன்ற இறையியலாளர்கள் திரித்துவத்தின் சமத்துவத்திலிருந்து ஜனநாயகச் சமூகத்துக்கு வரைபடம் எடுத்ததும், என் பார்வையில், அதே பிழைதான்.

2016 நவம்பரில் சான் அன்டோனியோவில் நடந்த சுவிசேஷ இறையியலாளர் மாநாட்டில், அதுவரை தாங்கள் சந்தேகித்த நித்திய பிறப்பு என்ற நிசேயாக் கோட்பாட்டைக் குரூடமும் வேரும் ஏற்றுக்கொண்டார்கள். நித்தியக் கீழ்ப்படிதலை மட்டும் விடவில்லை. அவர்களுக்குக் கனமான பதில் 680–681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் கிடக்கிறது. சித்தம் ஆளைச் சேர்ந்ததல்ல, இயல்பைச் சேர்ந்தது. ஆகவே தெய்வ இயல்பும் மனித இயல்பும் கொண்ட கிறிஸ்துவுக்குச் சித்தம் இரண்டு என்றது அது. இதற்காக வாதாடிய துறவி மாக்சிமுஸின் நாக்கையும் வலக்கையையும் 662இலேயே அறுத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி திரித்துவத்துக்கு இயல்பு ஒன்று, சித்தமும் ஒன்று. ஒரே சித்தத்துக்குள் ஒருவர் கட்டளையிட, மற்றவர் கீழ்ப்படிய இடமேது? கெத்செமனே தோட்டத்தில் பிதாவின் சித்தத்துக்குத் தலைவணங்கியது குமாரனின் மனித சித்தம் என்றே மாக்சிமுஸ் படித்தார்.